மூன்று லட்சத்துக்குக் கேமரா வாங்கலாமா? மலையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் 2010இலிருந்து ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, ஹோம்ஸ்டே, தேயிலை எஸ்டேட் என்று எது வந்தாலும் எடுப்பேன். வாரத்துக்கு ஒருவராவது படியேறி வந்து, போனில் ஒரு கேமராவின் விலையைக் காட்டி, "வாங்கலாமா?" என்கிறார். ஒவ்வொருவருக்கும் டீ சொல்லி, உட்கார வைத்து, அதே கதையைச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். இதில் வரும் ரூபாய்க் கணக்கு என் கடை அனுபவம். கோத்தகிரியிலோ கூடலூரிலோ கொஞ்சம் முன்பின் இருக்கும்.

அண்ணா, சுத்தி வளைக்காமக் கேக்கறேன். மூணு லட்சம் போட்டா ஒர்த்தா?

அதற்குப் பதில் கேமராவில் இல்லை தம்பி, உங்கள் டைரியில் இருக்கிறது. போன ஒரு வருஷத்தில் ஆர்டர் தேடி வந்து, உங்களுக்கும் தேதி காலியாக இருந்து, சாமான் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எத்தனை வேலையை விட்டீர்கள்? பத்துக்கு மேல் என்றால் வாங்குங்கள். இரண்டு மூன்று என்றால் கோயம்புத்தூரில் வாடகைக்கு எடுத்துவந்து முடியுங்கள். ஒன்றுமே இல்லை என்றால், கேமரா வந்த பிறகும் உங்கள் போன் அடிக்கப்போவதில்லை.

கணக்கைப் பாருங்கள். மூன்று லட்சம், 14 சதவீத வட்டி, 24 மாதத் தவணை. மாதம் ஏறக்குறைய 14,400 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது 3,45,000க்கு மேல். இப்போது வரவுப் பக்கம். ஒரு கல்யாணத்துக்கு 35,000 பேசுகிறீர்கள். அதில் ஆல்பம் ஒன்பதாயிரம் கொண்டுபோய்விடும். வீடியோ பையனுக்கு ஆறு, லைட் பிடிக்கிற பையனுக்கு ஒன்றரை, எடிட்டிங் நாலு, வண்டி பெட்ரோல் சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டரை. கையில் நிற்பது பன்னிரண்டாயிரம். அதாவது ஒரு கல்யாணம் முழுதாகச் செய்தாலும் ஒரு மாதத் தவணைக்குப் பற்றாது. வருஷத்தில் பதினைந்து கல்யாணமாவது கேமராவுக்கே உழைக்க வேண்டும். பதினாறாவதில்தான் உங்கள் வீட்டு அடுப்பு எரியும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. தவணைக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது.

பதினைந்து கல்யாணம் கையில் இருக்கிறவருக்கு இதே மூன்று லட்சம் பயப்படவேண்டிய தொகையே இல்லை. அவர் தள்ளிப்போட்டால்தான் நஷ்டம்.

ஊட்டி சீசன் இருக்கே? ஏப்ரல், மே மாசம் கூட்டம் அள்ளுதே?

கூட்டம் அள்ளுகிறது. அந்தக் கூட்டத்தின் ஒவ்வொரு கையிலும் ஒரு போன் இருக்கிறது. ஒரு காலத்தில் பொட்டானிக்கல் கார்டன் வாசலிலும் தொட்டபெட்டாவிலும் அங்கேயே படம் எடுத்துக் கையில் கொடுத்துப் பிழைத்தவர்கள் நிறையப் பேர். இப்போது எண்ணிப் பாருங்கள்.

சீசனை நம்பித் தவணை எடுக்காதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. மலைக்கு வருகிற வழி நம் கையில் இல்லை. 2009 நவம்பரில் மண்சரிவில் சாலைகள் அடைபட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. 2020லும் 2021லும் மலர்க் கண்காட்சியே நடக்கவில்லை. 2024 மே 7 முதல் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு வார நாளில் ஆறாயிரம், வார இறுதியில் எட்டாயிரம் வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. மலைக்கு அது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் ப்ரீ வெட்டிங் பார்ட்டி சமவெளியிலிருந்து நினைத்த நாளில் ஏறிவரும் காலம் போய்விட்டது.

நான் 2019 டிசம்பரில் இரண்டாவது பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, தவணையில் எடுத்தேன். மூன்றே மாதத்தில் ஊரடங்கு. வங்கி ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைத்தது. வட்டியைத் தள்ளிவைக்கவில்லை.

பையன் பி.காம். முடிச்சுட்டு கேமராதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். தோட்டத்தை வெச்சுப் பணம் கொடுக்கலாமுங்களா?

வேண்டாங்க ஐயா. தேயிலைத் தோட்டம் எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் மாதம் இரண்டு முறை இலை பறித்துக் கொடுக்கும். கேமரா தானாக ஒன்றும் கொடுக்காது.

இரண்டு முகூர்த்த சீசனுக்குப் பையனை யாரிடமாவது லைட் பிடிக்க அனுப்புங்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஸ்டாண்டு சுமந்து, மதியம் மூன்று மணிக்குக் கடைசிப் பந்தியில் சாப்பிட்டு, மாமனார் வீட்டார் கோபத்தையும் தாங்கிக்கொண்டு, அடுத்த நாளும் போகிறானா பாருங்கள். போனால் அவனுக்கு ஆசை மட்டும் இல்லை, தொழிலும் இருக்கிறது. அப்போது சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் இருக்கிறது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரை 'கிஷோர்' வகையில் ஈடு இல்லாமல் விண்ணப்பிக்கலாம். நான் அம்மாவின் நாலு வளையலை வைத்துத்தான் ஆரம்பித்தேன். மீட்க இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் எந்த விசேஷத்துக்கும் அம்மா முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தார். குளிர் என்று சொல்லிக்கொள்வார்.

விலை கூடின கேமராவுல படம் நல்லா வருமா?

இருட்டான மண்டபத்தில் வரும். ஓடுகிற குழந்தையின் கண்ணில் ஃபோகஸ் நிற்கும். அதற்கு மேல் நம் கை.

ஒரு உதாரணம். கோத்தகிரிப் பக்கம் ஹட்டியில், அதாவது படகர் கிராமத்தில், ஒரு வீட்டு விசேஷம். வெள்ளைத் துணி உடுத்திய பெண்கள் இருநூறு பேர் வரிசையாக வருகிறார்கள். பின்னால் முழுக்க மூடுபனி, அதுவும் வெள்ளை. நாலு லட்ச ரூபாய்க் கேமராவை ஆட்டோ மோடில் வைத்து அழுத்துங்கள். எல்லோரும் அழுக்குச் சாம்பல் நிறத்தில் வருவார்கள். வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை அதற்குத் தெரியாது. ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்), பனி அடர்த்தியாக இருந்தால் ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். இது இருபதாயிரம் ரூபாய்ப் பழைய கேமராவிலும் செய்யக்கூடியதுதான். என் முதல் ஹட்டிக் கல்யாணத்தில் எனக்கு இது தெரியாது. ஆல்பத்தைப் புரட்டிய பாட்டி, "துணியெல்லாம் துவைக்கலயா?" என்று கேட்டார்.

முதல்ல பாடி வாங்கறதா, லென்ஸ் வாங்கறதா?

லென்ஸ். 2010இல் கேனன் 5டி மார்க் 2 வாங்கினேன். லென்ஸோடு இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. 2008இல் வந்த மாடல் அது, 21 மெகாபிக்சல், முழு ஹெச்டி வீடியோ எடுத்த முதல் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) எஸ்எல்ஆர். அன்றைக்கு அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பெட்ஃபோர்டில் நடந்தால் ஊரே பார்ப்பதுபோல இருக்கும். 2016இல் பாடியை மட்டும் விற்றபோது முப்பத்தெட்டாயிரம் கிடைத்தது. பிறகு வாங்கிய 70-200 எஃப் 2.8 லென்ஸ் இன்றும் என் பையில் இருக்கிறது. அடாப்டர் போட்டுப் புது மிரர்லெஸ் (உள்ளே எஸ்எல்ஆர் போலக் கண்ணாடி இல்லாத) பாடியில் ஓடுகிறது.

பாடி என்பது கம்ப்யூட்டர் மாதிரி. புது மாடல் அறிவித்த அன்றே விலை இறங்கும். லென்ஸ் கண்ணாடி, அது மெதுவாகத்தான் கிழவனாகும். நிக்கானின் எஃப் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்) 1959இல் வந்தது, கேனனின் இஎஃப் மவுண்ட் 1987இல். இரண்டு கம்பெனியும் 2018இல்தான் மிரர்லெஸ் ஃபுல் ஃபிரேமுக்குப் புது மவுண்ட் கொண்டுவந்தன. அப்போதும் பழைய லென்ஸைக் கைவிடாமல் அடாப்டர் கொடுத்தார்கள். மூன்று லட்சம் இருந்தால் ஒன்றேகால் லட்சத்துக்கு ஒரு பாடி, ஒன்றேகாலுக்கு நல்ல லென்ஸ், மிச்சத்தில் ஃபிளாஷ், இரண்டு கார்டு, கூடுதல் பேட்டரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

நம்ம ஊர் ஈரத்துக்கு லென்ஸ்ல ஃபங்கஸ் வருமாமே?

வருமாமே இல்லை, வரும். விலையைவிட எனக்கு இதுதான் பெரிய ரிஸ்க். ரிவ்யூ போடுகிறவர்கள் பலரும் இதைப் பேசுவதில்லை. நமக்கோ கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி ஆடியில் தென்மேற்கு மழை. குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. இரண்டுக்கும் நடுவில் மூடுபனி. செருப்புக்கே பூஞ்சை பிடிக்கிற ஊர்.

2011 ஆடியில் வேலை இல்லை. வாங்கிச் சில மாதமே ஆன 70-200ஐ அதனுடைய தோல் பையோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன், பத்திரமாக இருக்கட்டும் என்று. ஆவணி முதல் முகூர்த்தத்தில் எடுத்தால் படமெல்லாம் பால் ஊற்றியதுபோல மங்கல். லென்ஸ் துடைத்தேன், ஃபில்டரைக் கழற்றினேன், அப்படியேதான். ராத்திரி வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு முன்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பின்பக்கமாகப் பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்திலிருந்து, பிறந்த குழந்தையின் தலைமுடி போல வெள்ளை இழைகள், கிளைவிட்டு நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தன. சர்வீஸுக்கு 6,500 ரூபாய். சுத்தம் செய்து கொடுத்தார்கள். ஆனால் பூஞ்சை வளரும்போது அமிலம் விடும், அது கண்ணாடி மேல் பூச்சைத் தின்றுவிடும். தின்ற இடம் தின்றதுதான். இன்றும் நேர் வெயிலை நோக்கிப் பிடித்தால் அந்த மூலையில் ஒரு மங்கல் தெரிகிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். லென்ஸ் இருக்கும் இடத்தில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 60ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ரொம்பக் காய்ந்தாலும் ரப்பர், கிரீஸ் கெடும். பத்தாயிரத்தைச் சுற்றி விலையில் எலக்ட்ரிக் டிரை கேபினட் வருகிறது. மூன்று லட்சம் போடுகிறவர் இதைத்தான் முதலில் வாங்க வேண்டும். முடியாதவர்கள் ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அரைக்கிலோ சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. நீல ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். சிறு தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். சமையல் வாணலியில் வறுக்காதீர்கள், அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது. பழைய வாணலி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். தோல் பையும் துணிப் பையும் ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதில் வைத்துப் பூட்டவே கூடாது. அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், தூசிதான் மிச்சம்.

பழைய ஸ்டுடியோக்காரர்கள் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். நல்ல யோசனைதான், சூட்டில் ஈரப்பதம் இறங்கும். போன வருஷம் ஒரு தம்பி அதைக் கேட்டுவிட்டு எல்இடி பல்பு போட்டு வைத்திருந்தார். வெளிச்சம் பிரமாதமாக இருந்தது.

'வெதர் சீல்' போட்டிருக்கே, மழைல எடுக்கலாமா?

தூறலுக்குத் தாங்கும். தண்ணீர் உள்ளே போனால் வாரண்டியில் சேர்க்கமாட்டார்கள். மழையைவிட மோசமானது வெளியே குளிரில் ஒரு மணி நேரம் எடுத்துவிட்டு நேராக மண்டபத்துக்குள் போவது. உள்ளே ஐநூறு பேர் மூச்சு, பக்கத்திலேயே சமையல் ஆவி. குளிர்ந்த லென்ஸ் மேல் நொடியில் வேர்க்கும், உள் கண்ணாடியிலும் வேர்க்கும், தாலி கட்டும் நேரத்தில் ஒன்றும் தெரியாது. உள்ளே போகுமுன் வாசலிலேயே கேமராவை ஜிப் கவரில் போட்டுப் பையை மூடிவிடுங்கள். அரை மணி கழித்துத் திறங்கள். வேர்த்தால் கவர்தான் வேர்க்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. நான் அதைத்தான் சொல்வேன். ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை, எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று பாருங்கள். 5டி மார்க் 3க்குக் கம்பெனி சொன்ன ஆயுள் ஒன்றரை லட்சம், நிக்கான் டி850க்கு இரண்டு லட்சம். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் என்று வையுங்கள். ஒன்றரை லட்சம் என்பது ஐம்பது கல்யாணம். அதற்கு மேலும் ஓடும், ஆனால் அது கடவுள் கணக்கு. லென்ஸுக்கு மேலே சொன்ன டார்ச் சோதனை. வெளியூரிலிருந்து வருகிற லென்ஸைவிட நம்ம ஊர் லென்ஸில் டார்ச்சை இன்னும் கொஞ்சம் நேரம் பிடியுங்கள். சீரியல் நம்பரும் பில்லும் ஒத்துப்போகாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பில் இல்லாம எடுத்தா நாப்பதாயிரம் குறையுதே அண்ணா?

குறையும். வாரண்டியும் போகும், இன்சூரன்ஸும் போகும், நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் அந்த நாற்பதாயிரத்தை உங்களிடமே கழிப்பார். டிஜிட்டல் கேமராவுக்கு 2019 ஜனவரியில் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால், தொழிலுக்கு வாங்கிய கேமராவின் வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். வருமான வரியிலும் வருஷா வருஷம் 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம். ரசீது இல்லாத கேமராவுக்கு இது எதுவும் கிடையாது.

இன்சூரன்ஸ் போட்டா ரிஸ்க் போயிடுமா?

பாதி போகும். பாலிசியை வாங்குமுன் மூன்று இடத்தைப் படியுங்கள். ஒன்று, தொழிலுக்குப் பயன்படுத்தினால் செல்லுமா. வீட்டுப் பாலிசியில் பெரும்பாலும் செல்லாது. இரண்டு, ஆள் இல்லாத வண்டியிலிருந்து திருடுபோனால் தருவார்களா. மூன்று, கை தவறி விழுந்தால். என் நண்பர் ஒருவர் டீ குடிக்க இறங்கிய பத்து நிமிஷத்தில் காரிலிருந்து பை போனது. கண்ணாடி உடையவில்லை, பூட்டாமல் இறங்கியிருக்கிறார். ஒரு பைசா வரவில்லை.

குரங்கு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சிம்ஸ் பார்க்கிலும் லாம்ஸ் ராக்கிலும் கேமரா பையில் பிஸ்கட் வைக்காதீர்கள். ஜிப் திறக்கத் தெரிந்த குரங்குகள் அவை. ஃபில்டர் டப்பாவைத் தின்னும் பண்டம் என்று நினைத்துப் பள்ளத்தில் எறிந்ததைப் பார்த்தவன் நான்.

அஞ்சு வருஷத்துல டெக்னாலஜியே மாறிட்டா?

மாறும். எங்கள் வீட்டுக்கு இது தெரியும். அப்பா ஊட்டி இந்துநகரில் இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1960இல் தொடங்கிய அரசு நிறுவனம், 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. எக்ஸ்ரே ஃபிலிம், கறுப்பு வெள்ளை ஃபிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் நாடு முழுக்கப் போனது. ஃபிலிமில் வெளிச்சம் படக்கூடாது என்பதால் வேலை இருட்டில். காலடிச் சத்தத்தை வைத்தே யார் வருகிறார் என்று சொல்லிவிடுவார் அப்பா. வீட்டிலும் ராத்திரி விளக்குப் போடாமல் தண்ணீர் எடுத்துக் குடிப்பார். கோடாக்கில் ஸ்டீவன் சாசன் 1975இலேயே முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்துவிட்டார், ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி. அதே கோடாக் 2012இல் திவால் மனு கொடுத்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி; இந்துநகர் எங்கே தாங்கும்?

நான் டிஜிட்டல் கேமரா வாங்கிய அன்று அப்பா அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "இதுல ரோல் எங்க போடறது?" என்று தெரிந்துகொண்டே கேட்டார். பிறகு, "எத்தன வருஷத்துக்குள்ள காசு எடுப்ப?" என்றார். அந்தக் கேள்வியைத்தான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன். இரண்டு வருஷத்துக்குள் போட்ட பணம் திரும்பாது என்றால் வாங்காதீர்கள். மூன்றாவது வருஷத்துக்குப் பல கேமரா கம்பெனிகளே உத்தரவாதம் தருவதில்லை.

ஹோம்ஸ்டே வெச்சிருக்கேன். ரூம் படம் எடுக்க கேமரா வேணுமா?

வேண்டாம்மா. உங்கள் போனும் ஆயிரம் ரூபாய் ஸ்டாண்டும் போதும். காலை ஏழு மணிக்குத் திரையை விலக்கி, ரூம் விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒருவரைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்வது கேமராவின் வட்டியைவிடக் குறைவு. நான் வந்தால் தள்ளுபடி கிடையாது.

600 மி.மீ. லென்ஸ் வாங்கி முதுமலைல புலி எடுத்து விக்கலாமா?

ஆசைக்கு எடுங்கள், சோற்றுக்கு எடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் காட்டுக்குள் கால் வைத்தால் வனத்துறை வழக்குப் போடும். நெட்டில் படம் விற்று வருகிற காசு அந்த லென்ஸின் மூடிக்குக்கூடப் பற்றாது. கொடைக்கானலில் 2018இல் பூத்த குறிஞ்சி மறுபடி 2030இல் பூக்கும், அதற்காக இப்போதே வாங்கிவைக்கட்டுமா என்று ஒருவர் கேட்டார். பூ பன்னிரண்டு வருஷம் காத்திருக்கும் ஐயா, உங்கள் பாடி காத்திருக்காது.

ஃபிரெண்டு ஒரு நாளைக்குக் கேமரா கேட்டா?

கல்யாணத்துக்கு மொய் கூட வையுங்கள். கேமரா கொடுக்காதீர்கள்.

சரி, வாங்கி ஓடலைன்னா என்ன பண்றது?

ஒரு வருஷத்துக்குள் முடிவெடுங்கள். "அடுத்த சீசன் பார்க்கலாம்" என்று பீரோவில் வைத்திருந்தால் விலையும் இறங்கும், பூஞ்சையும் ஏறும். அட்டைப்பெட்டி, பில், வாரண்டி கார்டு, சார்ஜர், வாங்கியபோது கூட வந்த தோள்வார் எல்லாம் அப்படியே இருந்தால் கோயம்புத்தூரில் நாலாயிரம் ஐயாயிரம் கூடுதலாகவே கிடைக்கும். பாடியை முதலில் விற்றுவிடுங்கள், லென்ஸுக்கு அவசரமில்லை. பெட்டியை மட்டும் மாடிப் பரணில் போடாதீர்கள். என் 5டி பெட்டியை எலி கடித்ததில் ஆயிரம் ரூபாய் குறைத்துவிட்டார்கள்.